தவுட்டம்மா

இன்றைக்குக் கோகிலவாணி கேட்கமாட்டாள். அந்தப் பையிலிருந்து எட்டிப் பார்ப்பது முறத்தின் விளிம்பாக இருக்காது. ஓசூர் வீட்டுக்கென்று வாங்கிய மூங்கில் தட்டாக இருக்கும், வெங்காயம் போட்டு வைக்கிற தட்டு. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை விளையாட விடப் போகிறோம், அவ்வளவுதான். பொரி வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். கேட்கமாட்டாள்.

நிர்மலா இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவளுக்கும் கோகிலவாணிக்கும் நடுவில், இருவர் கைகளையும் பிடித்துக்கொண்டு குப்பி வந்தாள். நடக்கும்போதே திடீரென்று கால்களை மடக்கிக்கொண்டு இரண்டு கைகளிலும் தொங்குவாள். அப்போது அவளுடைய பாரம் பிரிந்து இரண்டு பெண்களின் தோள்களிலும் இறங்கும். ஓசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மண்டி வாசலில் வெற்றுத் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாரண்டஹள்ளியில் மழை வருமோ வராதோ என்றிருக்கிற மாலைகளில் ஒரு மஞ்சள் வெளிச்சம் இறங்கும். சுவர்கள், ஆட்டுக்குட்டிகள், சுவரொட்டியில் கும்பிட்டபடி நிற்கிறவர்கள் எல்லாமே அதில் கொஞ்சம் தூக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நிர்மலாவுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கும். அதில் எதுவும் முழுசாக நடக்காது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

குப்பி, கோகிலவாணி பெற்ற பெண். பள்ளிக்கூடத்தில் தன்ஷிகா. பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். பிறந்து சில நாட்களில் அவளைத் தவிட்டுக்கு வாங்கியவள் நிர்மலா. அதனால் குப்பிக்கு கோகிலவாணி அம்மா, நிர்மலா தவுட்டம்மா. தெருவில் யாருக்கும் இதில் குழப்பம் இருந்ததில்லை. ஐந்து வருடமாக அந்தப் பெயர் பால்காரர் வாயில்கூடப் புழங்கிப் பழசாகிவிட்டது.

பூங்காவின் வாசலில் பேரூராட்சி வைத்த பலகை இருந்தது. குழந்தைகளுடன் வரும் குடும்பத்தினருக்கு மட்டும் அனுமதி. சாயங்காலமானால் பையன்கள் வேலியேறிக் குதித்துப் பாட்டிலோடு உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று புகார் வந்த பிறகு எழுதியது. பலகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தில் விசிலோடு முனியம்மாள் உட்கார்ந்திருப்பாள். பூங்கா திறந்த புதிதில் நிர்மலா ஒருநாள் விதைக் கடையில் வேலை முடிந்து வரும்போது, உள்ளே எரிந்த கலர் விளக்குகளைப் பார்த்துவிட்டு, சும்மா ஒருதரம் நடந்துவிட்டு வரலாம் என்று நுழைந்தாள். "புள்ள எங்க?" என்றாள் முனியம்மாள். "இல்லீங்க" என்றாள் நிர்மலா. "புள்ளையோட வாம்மா. நானா வெச்ச சட்டம்?" அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இல்லீங்க என்று தன் வாயால் சொன்னது வீடு வரைக்கும் கூடவே வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அது பக்கத்தில் நின்றது.

அடுத்த ஞாயிறு குப்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். முனியம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது யாரு புள்ள?"

"என் புள்ளதான். தவுட்டுக்கு வாங்குனது."

"அட்ரா சக்க. ரேஷன் கார்டுல ஏத்திட்டியா?"

"தவுட்டுக்கு வாங்குனதுக்கு அரிசியா போடுவாங்க? தவுடுதான் போடுவாங்க."

முனியம்மாள் விசில் குலுங்கச் சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான். கோகிலவாணி கூட வருவது அபூர்வம். வாரம் முழுதும் தையல் மெஷினில் குனிந்திருப்பவள், ஞாயிறு மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள். இன்றைக்கு அவளாகவே தலைசீவிக்கொண்டு பையோடு வந்து நின்றாள்.

"என்னங்கடி இது, ரெண்டு அம்மாவும் ஒண்ணா வந்திருக்கீங்க?" என்றாள் முனியம்மாள். "ஒரு புள்ளைக்கு ஒரு அம்மாதான் உள்ள. ஒருத்தி வெளிய நில்லு."

விளையாட்டுத்தான். கோகிலவாணியும் சிரித்தாள். ஆனால் அவள் குப்பியின் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்ததை, நடுவில் இருந்த அந்தச் சின்ன உடம்பின் வழியாக நிர்மலா உணர்ந்தாள்.

உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. ஊஞ்சல்கள் மாறி மாறி வானத்துக்குப் போய் வந்தன. சறுக்கு மரத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து அழ, பின்னால் வரிசையாக நின்ற குழந்தைகள் அதைத் தள்ளலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தெலுங்குக் குடும்பம் புல்வெளியில் பாய் விரித்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்திருந்தது. சிமெண்டு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஒருமுறை உடைந்து ஒட்டப்பட்டதால் அது எப்போதும் ரயில்வே கேட் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. வேலியோரத்தில் யாரும் நடாமல் தக்காளிச் செடிகள் முளைத்திருந்தன. இந்த இடம் முன்பு ஊரின் குப்பைமேடு. விலை விழும்போதெல்லாம் வண்டி வண்டியாகத் தக்காளியை இங்கேதான் கொட்டினார்கள். மண்ணைப் போட்டு மூடி, சமப்படுத்தி, புல் வைத்து, கம்பிவேலி கட்டிய பிறகும் அந்தத் தக்காளி மட்டும் கீழே தூங்காமல் கிடந்து வருடா வருடம் எழுந்து வந்தது. முனியம்மாள் பிடுங்கிப் போட்டபடி இருப்பாள். மணலில், ஊஞ்சலுக்கடியில், எங்காவது ஒன்று தப்பித்துப் பூத்துவிடும்.

குப்பி இருவர் கைகளையும் உதறிவிட்டு ஓடினாள். சட்டென்று தோள் லேசானது. அந்த லேசு நிர்மலாவுக்குப் பிடிக்கவில்லை.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி பையை மடியில் வைத்துக்கொண்டாள். அது முறம்தான். புதுசு, மூங்கிலின் பச்சை வாசம் கூடப் போகவில்லை.

"எந்த எடம்க்கா அது?" என்றாள் கோகிலவாணி, பூங்காவைப் பார்த்தபடி.

"எது?"

"இவளக் கொண்டாந்து போட்டமே, அந்த எடம். அதே எடத்துலதான் செய்யணும்னு எங்க அத்தை சொல்லுது."

எதைச் செய்ய வேண்டும் என்று நிர்மலா கேட்கவில்லை. கேட்டால் அது இன்னும் பக்கத்தில் வந்துவிடும். "தண்ணி டேங்கு நெழலு விழுந்துச்சு. அது தெரியும்" என்றாள்.

"நெழலு காலையில ஒரு பக்கம் வுழும், சாயந்திரம் ஒரு பக்கம் வுழும். ஒட்டகச்சிவிங்கி நிக்குதே, அங்கனு நெனைக்கிறேன் நானு."

"இல்ல கோகி. அங்க முள்ளு இருந்துச்சு. நான் சுத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப ஊஞ்சலுகிட்டயா?"

"இருக்கும்."

"என்னக்கா, வாங்குனவங்களுக்கே தெரியல. வித்தவ எனக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் கண்ணையே தொறக்கலயே அன்னிக்கு."

அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள். அதற்கு முன்னால் உண்டான இரண்டில் ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று தொட்டிலில். மூன்றாவது பிறந்து, பெண்ணாக இருந்து, அழுதுகொண்டிருந்தபோது, கோகிலவாணியின் மாமியார் பாஞ்சாலி ஒரே முடிவாக இருந்தாள். இந்தப் பிள்ளையை நம்முடையது என்று வைத்துக்கொண்டால் அது வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். குப்பையில் போட வேண்டும். வேறொருத்தி எடுத்துத் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வாங்கியவளின் பிள்ளையை நாம் வளர்த்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் அதற்குக் கணக்கு தப்பிவிடும். அது என்றால் எது என்று பாஞ்சாலி பெயர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வாங்குவதற்கு யார் என்று வந்தபோது தெருவில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பாஞ்சாலி நேராக நிர்மலாவின் வீட்டுக்கு வந்தாள். "உனக்குப் புள்ள இல்ல பாரு, அதுக்கோசரந்தான் கேக்கறேன். இருக்கறவ வாங்குனா வெளாட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சிரும். இல்லாதவ வாங்குனாத்தான் நம்பும்." கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், உப்பு கேட்க வந்தவள்போலத்தான் கேட்டாள். நிர்மலாவுக்கு வலித்ததா, பெருமையாக இருந்ததா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கியது நினைவிருக்கிறது. சரிங்க என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

பழைய சேலையில் சுற்றிப் பிள்ளையைக் குப்பைமேட்டில் வைத்தார்கள். நிர்மலா தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவள்போல வரவேண்டும். வந்தாள். எடுத்தாள். முறத்திலிருந்த தவிட்டை நீட்டி, சொல்லித் தந்தபடி கேட்டாள்: "தவுடு வேணுமா, புள்ள வேணுமா?" தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, கோகிலவாணி பதில் சொன்னாள்: "தவுடு போதும்." மூன்று முறை கேட்க வேண்டும், மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை குரல் வரவில்லை. பாஞ்சாலி மருமகளின் முதுகில் தட்டினாள். வந்தது.

பிறகு நிர்மலா பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அது அவள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தூங்கியது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து பிள்ளையின் காலடி வரைக்கும் வந்து, தொடாமல் நின்றது. லாரி ஓட்டப் போன அவள் கணவன் மாரப்பன் திரும்பி வந்து, கதவைத் தட்டாமல் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய செருமல் கேட்டது. அதன் பிறகு பாஞ்சாலி வந்து, "எங்க வூட்ல பால் இருக்குது. உன் புள்ளைய வளத்துக் குடுக்கறோம், தா" என்று சொல்லி வாங்கிப்போனாள்.

அது நம்பியதோ இல்லையோ, நிர்மலா நம்பிவிட்டாள். அவளும் அதை உடனே தெரிந்துகொள்ளவில்லை. விதைக் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில், பாக்கெட்டுகளின் மேல் அச்சடித்த கத்தரிக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சாத்திய அறை இன்னும் முடியவில்லை என்று தோன்றும். பிள்ளை அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஓடுகிற, ஸ்கூல் வேனில் ஏறுகிற, மூக்கு ஒழுகுகிற குப்பி, அந்தத் தூங்குகிற பிள்ளை காண்கிற கனவு. தான் எழுந்து கதவைத் திறந்தால் கனவு கலைந்துவிடும். யாராவது ரசீது கேட்டால் திடுக்கிட்டு எழுவாள்.

"மத்த புள்ளைங்களுக்கு இது எதுவுமே இல்லக்கா" என்று கோகிலவாணி சொல்லிக்கொண்டிருந்தாள். "வளந்துச்சுன்னா அதோட மறந்துருவாங்க. இவளுக்குக் காது குத்தறதுல வந்து நின்னுச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும்ல? எங்கண்ணன் ராஜா, மோதிரம் எல்லாம் எடுத்து வெச்சிருச்சு. அப்ப எங்க அத்தை சொல்லுது, புள்ள நிர்மலாவுது, நிர்மலா அண்ணன் மடிதான் தாய்மாமன் மடி, மொறை மாறுனா சாமி குத்தம்னு. எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போனும் எடுக்க மாட்டேங்குது."

"எங்கண்ணனுக்கு இவ பேருகூடத் தெரியாது கோகி."

"தெரியும்க்கா. அவரு வரமாட்டாரு. மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. திருப்பி வாங்கிட்டா சரியாப் போயிரும். அடுத்த வாரம் ஓசூர் போறோம். அங்க ஸ்கூல்ல போயி இவ நாலு பேருகிட்ட தவுட்டுப் புள்ளன்னு சொல்லிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? குப்பின்னு கூப்புடறதயும் நிறுத்தணும். அருணு சொல்லிட்டாரு."

அருண்குமார், அவள் கணவன். ஓசூர் கம்பெனியில் அவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. காலையில் மாரப்பனும் இதையேதான் சொன்னான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வெளாட்டுக்கு வாங்குனது. குடுத்துட்டு வா. ஓசூர் என்ன சீமையா? பஸ் ஓடுது." பிறகு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, தண்ணீர் குடிக்காமல் சொம்பை எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"தவுட்டம்மா! தள்ளி விடு!"

ஊஞ்சலில் இடம் கிடைத்துவிட்டது. நிர்மலா எழுந்து போனாள். சங்கிலி துருவேறிக் கிறீச்சிட்டது. குப்பியின் முதுகு ஒவ்வொரு முறையும் வந்து அவள் உள்ளங்கையில் பட்டது. வியர்த்த, சூடான, சின்ன முதுகு. வந்து படும். போய்விடும். போயிருக்கும் நேரத்தில் கை காற்றில் அப்படியே இருக்கும். எத்தனை ஞாயிறுகள் இந்தக் கை இப்படிக் காத்திருந்திருக்கிறது. வேறெதற்கும் காத்திருக்கும்போது வருகிற அலுப்பு இதில் வந்ததே இல்லை.

"ஓசூர்ல இதவிடப் பெருசா பார்க் இருக்குது, தெரியுமா?" என்றாள் குப்பி, போகும்போது.

"யாரு சொன்னாங்க?" அவள் வரும்போது.

"அப்பா. அங்க ரயிலு ஓடுமாம். நீ வருவியா?"

"என்ன உள்ள வுட மாட்டாங்களே."

"நான் கேட் கிட்ட வந்து நிப்பேன். இது எங்க தவுட்டம்மா, வுடுங்கன்னு சொல்லுவேன்."

"வுடலன்னா?"

குப்பி இந்தக் கேள்வியை வானத்துக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். "அப்ப நானும் உள்ள போவ மாட்டேன், போ."

தள்ளுகிற கை ஒருமுறை தவறிவிட்டது. ஊஞ்சல் தானாக ஆடியது. குப்பி கவனிக்கவில்லை. அவள் தலையைப் பின்னால் சாய்த்து, உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்மலாவும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம் கீழே போயிருந்தது. எலுமிச்சைச் சாதம் சாப்பிடுகிறவர்கள் மேலே தொங்கினார்கள். ஒரு வார்த்தைதான். விளையாட்டாக வாங்கியதை விளையாட்டாகச் சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் இந்த முதுகு வியர்க்கத்தான் செய்யும், மூக்கு ஒழுகத்தான் செய்யும். ஆனால் ஐந்து வருடமாக ஏமாந்து, வேறு எங்கோ தேடிக்கொண்டு அலைகிற அது, அந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால்? இது பயமா? பயம் மாதிரி வேஷம் போட்டு வருகிற ஆசையா? இரண்டும் ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு வரும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? பயம் என்று சொன்னால் கோகிலவாணி ஒப்புக்கொள்ளக்கூடும். அதனாலேயே அதைச் சொல்ல நிர்மலாவுக்கு வாய் வரவில்லை.

குப்பி இறங்கி மணலுக்கு ஓடினாள். நிர்மலா பெஞ்சுக்குத் திரும்பினாள். கோகிலவாணி முறத்தை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். முடிச்சுப்போட்ட பிளாஸ்டிக் கவரில் தவிடு இருந்தது.

"கோவமாக்கா?"

"இல்லடி."

"நான் ஒண்ணு சொல்லட்டா? அத்தை, சாமி, மொறை எல்லாம் அப்பறம். எனக்குத்தான் வேணும்." அவள் கவரின் முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு நான் சொன்னன்ல, தவுடு போதும்னு. வெளாட்டுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சொல்லிட்டு வந்து படுத்தேன். நீங்க உள்ள வெச்சிருந்த நேரம் பூரா மாருல பால் கட்டிக்கிட்டு, கல்லு மாதிரி. செவுத்துல காத வெச்சுக் கேட்டுக்கினே இருந்தேன். அழுதா நல்லாருக்கும்னு. ஒரு சத்தமும் வரல. உங்ககிட்ட அழவே இல்ல அவ."

சுவரின் அந்தப் பக்கத்தில் ஒரு காது இருந்திருக்கிறது. அவள் சாய்ந்திருந்ததும் அதே சுவர்தான்.

"இப்பவும் அம்மான்னு கூப்புடறப்ப எல்லாம் எனக்கு இரவல் நகையப் போட்டுக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்குதுக்கா. காய்ச்சல் வந்தா தவுட்டம்மான்னுதான் பொலம்புறா. நான் பக்கத்துல படுத்திருக்கறேன். என் கையப் புடிச்சுக்கிட்டே உங்களக் கூப்புடறா." அவள் சிரிக்க முயன்றாள். "நான் பெத்தவன்னு யாரும் இல்லங்கல. ஆனா நானே வித்துட்டன்ல. என் வாயால. நீங்க உங்க வாயால சொன்னாத்தான் அது தீரும்."

தூரத்தில் யாரோ ஒரு குழந்தையின் பெயரை நீட்டிக் கூப்பிட்டார்கள். கலர் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பகலின் மிச்சத்தில் அவை யாருக்கோ சொல்லி அனுப்பிய செய்தி வழி தவறி இங்கே வந்து நின்றதுபோல மங்கலாக இருந்தன. கோகிலவாணியின் கழுத்தில், மஞ்சள் கயிற்றுக்குக் கீழே, வியர்க்குரு சிவந்து கிடந்தது. இவளுக்கு என்ன வயசு, இருபத்தெட்டு இருக்குமா? அழாத பிள்ளைக்காகச் சுவரில் காது வைத்த பெண். நிர்மலாவுக்கு அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் கேட்பதைத் தவிர வேறு எதையும் கொடுத்துவிடலாம்போலவும் இருந்தது.

"தவுட்டம்மா, இங்க வா! அந்தப் பையன் போயிட்டான்!"

பூங்காவின் கோடியில், வேலியோரத்தில், குப்பி ஏறி இறங்கும் சீசாப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்முனை வெறுமையாக மேலே நின்றது. நிர்மலா போனாள். கோகிலவாணி முறத்தோடு பின்னால் வந்தாள்.

"நானா? ஒடஞ்சு வுழுந்திரும்டி."

"ஒடையாது. போன வாரம் ஒரு போலீஸ்கார மாமா உக்காந்தாரு. உக்காரு நீ."

நிர்மலா சேலையை முழங்காலுக்கிடையில் சேர்த்துக்கொண்டு, பலகையைக் கையால் அழுத்தி இறக்கி உட்கார்ந்தாள். சட்டென்று அவள் தரைக்கு வர, எதிரே குப்பி அலறிச் சிரித்துக்கொண்டு மேலே போனாள். நிர்மலாவின் முழங்கால்கள் மோவாய் வரைக்கும் வந்தன. இத்தனை தாழ்வாக உட்கார்ந்து அவள் யாரையும் பார்த்ததில்லை. வேலிக்கு மேலே, மண்டியின் தகரக் கூரைக்கு மேலே, மேகத்தை முதுகில் வைத்துக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

கோகிலவாணி பக்கத்தில் வந்து நின்றாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, தவிட்டை முறத்தில் கொட்டிப் பரப்பினாள். அந்த இனிப்பான, கொஞ்சம் புளித்த மணம் வந்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஏதோ பிள்ளைகளுக்குப் பொரி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"இங்கியே கேட்டுரட்டாக்கா? எந்த எடம்னா என்ன, எல்லாம் அதே மண்ணுதான்."

முறம் நிர்மலாவின் மார்புக்கு நேராக நீண்டது. இந்த முறை கோகிலவாணி கண்ணை மூடவில்லை.

"தவுடு வேணுமா," என்றாள். "புள்ள வேணுமா?"

நிர்மலா கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். அதில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிவிட்டுப் போன மிட்டாயின் பிசுபிசுப்பு இருந்தது. சொல்லித்தந்த பதில் நாக்கின் நுனியில்தான் இருந்தது, இரண்டே சொல். கோகிலவாணி அதை அவளுக்கு முன்பே உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"இல்ல கோகி."

"என்னக்கா இல்ல?"

"தவுடு வேணாம்." மேலே இருப்பவளுக்குக் கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது. "நீ கூட்டிட்டுப் போ. வளத்துக்க. உங்கண்ணன் மடியிலயே வெச்சுக் குத்து, நான் வந்து நிக்கறேன். ஆனா அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

கோகிலவாணி முறத்தை இறக்கவில்லை. நீட்டவுமில்லை. வேலிப்பக்கமிருந்து வந்த காற்று தவிட்டின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போனது. மழையின் முதல் சொட்டு முறத்தில் விழுந்து, உருண்டையாக, உள்ளே போகாமல் நின்றது. பிள்ளைகளைக் கூப்பிடும் குரல்கள் நான்கு பக்கமிருந்தும் கேட்டன, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும்.

"எந்திரிச்சிராத தவுட்டம்மா," என்று மேலிருந்து குப்பி கத்தினாள். "இங்கேர்ந்து எங்க வூடு தெரியுது!"

அவள் கால்கள் தரையில்லாத இடத்தில் ஆடின. ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஷூவின் அடியிலிருந்த சின்னச் சிவப்பு விளக்குகள், இருட்டத் தொடங்கிய மழை மேகத்தில், பற்றி அணைந்தன, பற்றி அணைந்தன.